பழைய மடிக்கணினியில் டெபியன் 13: சிங்கப்பூருக்கென ஒரு தமிழ் லோக்கேல்

பெரியப்பாவின் மேசையில் இருக்கும் 2012ஆம் ஆண்டு மடிக்கணினி இப்போது லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13இல் ஓடுகிறது. பட்டிகள் (மெனுக்கள்) முடிந்தவரை தமிழில் வருகின்றன. தமிழ்99 விசைப்பலகை முறையில் அவர் கடிதம் தட்டச்சு செய்கிறார். தேதி இங்கே சிங்கப்பூரில் நாம் எழுதும் வரிசையில் வருகிறது. ஒரு மில்லியன் என்பது 1,000,000 என்று மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிந்து நிற்கிறது. பணத்தொகைக்கு முன்னால் டாலர்க் குறி வருகிறது. இவற்றில் கடைசி மூன்றையும் பெறத்தான் நெடுநேரம் பிடித்தது. இப்படி ஒரு மொழியையும் ஒரு நாட்டின் எழுத்து வழக்கங்களையும் சேர்த்துச் சொல்லும் அமைப்புக்கு லோக்கேல் என்று பெயர். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்ஸியில் இந்தியாவுக்கான தமிழ் உண்டு, இலங்கைக்கான தமிழ் உண்டு. தமிழை அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூருக்கான தமிழ் இல்லை. அந்த இடத்தை நாமே ஒரு கோப்பு எழுதி நிரப்பிக்கொள்ளலாம். அந்தக் கோப்பு ஒருமுறை நிலைக்காமல் போய், பிறகு நிலைத்த விதத்தையும் சேர்த்து, செய்த வேலைகளை வரிசையாக இங்கே பதிவு செய்கிறேன்.

கணினி, திங்க்பேட் எக்ஸ்230. 12.5 அங்குலத் திரை, மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 செயலி, 4 ஜிபி நினைவகம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். பழைய பொருளாக 130 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) கிடைத்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய இயந்திரங்கள் இப்படிக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இந்த மாடலைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது: அடிப்பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் நினைவகம் தெரியும், பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிஸ்க் உருவி வரும்.

8 ஜிபி டிடிஆர்3 நினைவகப் பலகை ஒன்றை 22 வெள்ளிக்கும், 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை 38 வெள்ளிக்கும் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினேன். இங்கே கவனிக்க வேண்டியது டிஸ்க்கின் தடிமன். இந்த மடிக்கணினியின் அறை 7 மில்லிமீட்டர் தடிமனுக்கு உரியது, பழைய 9.5 மில்லிமீட்டர் டிஸ்க்குகள் உள்ளே போகா. பழைய டிஸ்க்கின் இருபுறமும் உள்ள ரப்பர்ப் பட்டைகளைக் கழற்றிப் புதியதில் மாட்டிய பிறகே அது ஆடாமல் உட்காரும். அந்தப் பட்டைகளைத் தொலைத்துவிட்டால் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கும்.

விசைப்பலகையையும் கை வைக்கும் பகுதியையும் கழற்றி, செயலியின் மேல் காய்ந்து மாவாகிப் போயிருந்த வெப்பப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிய பசை இட்டேன். பசை 9 வெள்ளி, ஆல்கஹால் 5 வெள்ளி. விசிறியின் காற்று வெளியேறும் தாமிரத் தகடுகளில் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. அதைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்தேன். ஏர்கான் இல்லாத 31 டிகிரி அறையில், பளு கொடுத்துப் பார்த்தபோதும் செயலியின் வெப்பம் 75 டிகிரியைத் தாண்டவில்லை. பேட்டரி முக்கால் மணி நேரம்தான் தாங்குகிறது. கணினி மேசையை விட்டு நகரப்போவதில்லை என்பதால் அதை மாற்றவில்லை.

டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9, அதாவது நம் தேசிய தினத்தன்று. நிறுவலுக்கு நான் எடுத்தது 800 எம்பி அளவுள்ள சிறிய இணைய நிறுவல் வடிவம். 16 ஜிபி யூஎஸ்பியில் எழுதுவதற்கு முன், டெபியன் வெளியிட்டிருக்கும் எஸ்எச்ஏ512 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சில நொடி வேலைதான், பாதியில் அறுந்த பதிவிறக்கத்தோடு பின்னால் மல்லுக்கட்டாமல் தப்பிக்கலாம். இந்தக் கணினியின் வைஃபை அட்டைக்குத் திறமூலம் அல்லாத ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) தேவை. முன்பெல்லாம் அதைத் தனியாக இன்னொரு யூஎஸ்பியில் வைத்துக் கொடுக்க வேண்டும். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து எடுத்த முடிவின்படி, டெபியன் 12 முதல் அத்தகைய ஃபர்ம்வேர் அதிகாரத்துவ நிறுவல் வடிவத்திலேயே சேர்ந்து வருகிறது. வீட்டு வைஃபை முதல் முயற்சியிலேயே இணைந்தது.

நிறுவியைத் தமிழிலேயே ஓட்டலாம். அதற்கு வரைகலை நிறுவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்து மட்டும் காட்டும் நிறுவியால் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்ட முடியாது என்பதால் அங்கே தமிழ் கிடைக்காது. மொழியாகத் தமிழையும், இடமாக ஆசியாவில் சிங்கப்பூரையும் தேர்ந்தெடுத்ததும் ஓர் அறிவிப்பு வந்தது: தேர்ந்தெடுத்த மொழியும் நாடும் சேர்ந்த லோக்கேல் எதுவும் இல்லை, இருப்பவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவுக்கான தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே போனேன். நேர மண்டலம் மட்டும் சிங்கப்பூர் என்றே பதிந்தது.

டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்தபோது இயங்குதளத்துக்கு 40 ஜிபியும், நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கு 8 ஜிபியும் ஒதுக்கி, மீதம் முழுவதையும் பயனரின் கோப்புகளுக்குத் தனிப் பகுதியாக வைத்தேன். என்றாவது மறுபடி நிறுவ வேண்டி வந்தால் பெரியப்பாவின் கடிதங்களைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றலாம். திரையில் பட்டிகளையும் சாளரங்களையும் தரும் மேசைச்சூழலாக எக்ஸ்எஃப்சிஇ. உள்நுழைந்தவுடன் நினைவகப் பயன்பாடு 1 ஜிபிக்குள் நிற்கிறது.

அடுத்தது தட்டச்சு. பெரியப்பா இதுவரை கைப்பேசித் திரையில் விரலால் எழுதியே பழகியவர். ஆங்கில ஒலியை வைத்துத் தமிழைத் தட்டும் முறையை அவருக்குக் கற்றுக்கொடுக்க நான் விரும்பவில்லை. தமிழ்99இல் உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என மொத்தம் 31 விசைகள். இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். கிரந்த எழுத்துகள் தவிர, ஷிஃப்ட்டை அழுத்தாமலே தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகை இது. அந்த மாநாட்டு வரிசைக்கு முன்னோடியாக 1997இல் சிங்கப்பூரில் ஒரு மாநாடு நடந்தது. அதை நடத்தியவர், கணியன் மென்பொருளை உருவாக்கிய நம் ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. கணினித் தமிழின் தொடக்கத்தில் இந்த ஊருக்கு இவ்வளவு பங்கு இருந்தும் லோக்கேல் பட்டியலில் இதன் பெயர் இல்லாதது எனக்கு வருத்தமே. கோப்பை நாமே எழுதிவிடுவது என்று முடிவெடுத்ததற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம்.

எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்புகளுக்குள் போனால் தமிழ் விசைப்பலகைகள் வரிசையாகத் தெரியும். முதலில் அங்கிருந்துதான் எடுத்தேன்; அது சரியான வழி இல்லை. மேசைச்சூழலின் அந்த விசைப்பலகை அடுக்கு, ஒரு விசைக்கு ஓர் எழுத்துக் குறியீடு என்ற அளவில்தான் வேலை செய்யும். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று பார்க்கும் திறன் அதற்குக் கிடையாது. தமிழ்99இன் உயிர்நாடியோ, ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும், முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுவதுதான். 'சிங்கப்பூர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், முழுமையான தமிழ்99இல் ச, இ, ங, க, ப, ப, ஊ, ர, புள்ளி என்று 9 விசைகள் போதும். இறுதி ரகர மெய்க்கு மட்டுமே புள்ளியை நாம் தட்டுகிறோம். அந்தத் திறன் இல்லாத அடுக்கில் ங், ப் இரண்டுக்கும் புள்ளியைத் தனியாகத் தட்டி 11 விசைகள் ஆகும்.

ஆகவே அந்த அடுக்கை நீக்கிவிட்டு, ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பையும், பல மொழி விசைப்பலகைகளை அதற்குத் தரும் எம்17என் தொகுப்பையும் நிறுவினேன். பிறகு ஐஎம்-கான்ஃபிக் கருவியில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். உள்நுழையாமல் சோதித்தால் சில மென்பொருள்களில் தமிழ் வரும், சிலவற்றில் வராது, எங்கே கோளாறு என்று புரியாமல் குழம்ப நேரும். ஐபஸ் விருப்பத்தேர்வுகளில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99ஐச் சேர்த்தேன். மொழி மாற்றச் சூப்பர் விசையையும் (விண்டோஸ் சின்னம் உள்ளது) ஸ்பேஸ் விசையையும் சேர்த்து அழுத்துவது பெரியப்பாவின் விரல்களுக்கு வசப்படவில்லை. அதை எஃப்9 என்ற ஒற்றை விசைக்கு மாற்றினேன்.

விசைகளின் மேல் ஒட்டத் தமிழ் எழுத்துகள் வேண்டும். கடைகளில் தேடுவதைவிட நாமே செய்வது எளிது என்று தோன்றியது. செய்தும் பார்த்தேன், எளிதுதான், ஆனால் அளவில் கவனம் வேண்டும். இந்த விசைப்பலகையில் ஆங்கில எழுத்து ஒவ்வொரு விசையின் இடப்பக்க மேல் மூலையில் இருக்கிறது. வலப்பக்கக் கீழ் மூலை காலி. அந்த இடத்துக்கு 6 மில்லிமீட்டர் சதுரம் பொருந்துகிறது. அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸில் 6 மில்லிமீட்டர் கட்டங்களாக ஓர் அட்டவணை போட்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் 11 புள்ளி அளவில் எழுத்துகளை வைத்தேன். ண, ஞ, ஔ மூன்றும் அந்த அளவில் கட்டத்தை விட்டு வெளியே போனதால் அவற்றுக்கு மட்டும் 8.5 புள்ளி. கறுப்பு விசைகளில் மஞ்சள் ஒட்டுத்தாளில் கறுப்பு எழுத்து நன்றாக எடுப்பாகத் தெரிந்தது. ஒட்டுத்தாள் கட்டு 4 வெள்ளி 50 காசு.

வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்தது நம் ஊர் ஈரப்பதத்தில், விரல் வியர்வை பட்டதும் கலங்கியது. லேசர் அச்சுதான் இதற்குச் சரி என்று பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் தாளுக்கு 20 காசு வீதம் மூன்று தாள்கள் எடுத்துவந்தேன். வெட்டுவதற்கு முன்பே தாள் முழுவதன் மேலும் ஒளி ஊடுருவும் அகல டேப்பை ஒட்டிவிட்டு, இரும்பு ஸ்கேலை வைத்துக் கத்தியால் வெட்டினால் ஓரம் உரியாமல் நிற்கிறது. எஃப், ஜே விசைகளின் கீழ்ப்பகுதியில் விரல் உணர்வதற்காக இருக்கும் சிறு மேடுகளை மூடிவிடக் கூடாது. தமிழ்99இல் எஃப் விசை புள்ளிக்கும் ஜே விசை பகரத்துக்கும் உரியவை. பார்க்காமல் தட்டப் பழகும்போது அந்த மேடுகள்தாம் வழிகாட்டி. அவ்விரு விசைகளில் மட்டும் ஒட்டுத்துண்டை 2 மில்லிமீட்டர் மேலே ஏற்றி ஒட்டினேன்.

எழுத்துருவில் அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இந்தத் திரையில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 125 படப்புள்ளிகள். 9 புள்ளி எழுத்தளவில் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இடைமுக எழுத்தை 12 புள்ளியாக உயர்த்தியதும் தெளிவானது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தைப் பற்றி ஒரு குறிப்பு. எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்கும் முனையத்தில் தமிழ் சிதறுகிறது. கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகி நிற்கின்றன. பிழைச் செய்தியை வாசிக்க முடியாத முனையத்தால் பயன் இல்லை. ஆகவே முனையக் கட்டளைகளை நிறைவேற்றும் பேஷ்ஷின் அமைப்புக் கோப்பில் செய்திகளின் மொழியை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன். பெரியப்பா முனையத்தைத் திறக்கப்போவதில்லை; அதைத் திறக்கும் எனக்கு அந்த ஒரு வரி அவசியமாக இருந்தது.

இந்த நிலையில் கணினியை அவரிடம் கொடுத்தேன். நண்பர்களோடு சேர்ந்து நடத்தும் வாசிப்புக் குழுவுக்குப் புத்தகம் வாங்கிய கணக்கை அவர் லிப்ரே ஆஃபிஸின் கணக்குத்தாளான கால்க்கில் பதிய ஆரம்பித்தார். மாலையில் அழைத்தார். "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா காசு எழுதினா முன்னால ரூபாய்க் குறி வந்து உக்காருது. இங்க யாரு ரூபாய் குடுக்குறா?" அவர் கேட்டது முற்றிலும் நியாயம். "பாக்குறேன் பெரியப்பா, நாளைக்கு வந்து சரி பண்ணிடுறேன்" என்று சொல்லிவிட்டு லோக்கேல் கோப்புகளைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்தேன்.

லோக்கேல் என்பது வெறும் மொழித் தேர்வு அல்ல. எண்ணை எப்படிப் பிரிப்பது, தேதியை எந்த வரிசையில் எழுதுவது, எந்த நாணயம், எந்தத் தாள் அளவு, எந்தத் தொலைபேசி முன்னெண் என்பதெல்லாம் அடங்கிய ஒரு சாதாரண உரைக் கோப்பு. இந்தியத் தமிழுக்கான கோப்பின் பெயர் டிஏ_ஐஎன், சிங்கப்பூர் ஆங்கிலத்துக்கானது ஈஎன்_எஸ்ஜி. கோப்பு முழுவதும் பிரிவு பிரிவாக இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் 'காப்பி' என்ற ஒற்றை ஆணையைக் கொடுத்து இன்னொரு லோக்கேலின் அதே பிரிவை அப்படியே இழுத்துக்கொள்ளலாம். டிஏ_எஸ்ஜி என்ற புதிய கோப்பை அந்த வசதியைக் கொண்டே கட்டினேன். எழுத்து வகைகள், அகரவரிசை, ஆம்-இல்லை செய்திகள், பெயர் எழுதும் முறை ஆகிய பிரிவுகள் டிஏ_ஐஎன்னிலிருந்து. எண், நாணயம், தாள், அளவை, தொலைபேசிப் பிரிவுகள் ஈஎன்_எஸ்ஜியிலிருந்து.

இரண்டு பிரிவுகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது. முகவரிப் பிரிவை எந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாலும் பாதி தவறாகிவிடும்: ஒன்றில் நாடு தவறு, மற்றதில் மொழி தவறு. ஆகவே நாட்டின் பெயர் சிங்கப்பூர், ஈரெழுத்துக் குறி எஸ்ஜி, மூவெழுத்துக் குறி எஸ்ஜிபி, எண் குறி 702, மொழியின் பெயர் தமிழ், மொழிக் குறி டிஏ என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அடுத்தது நேரப் பிரிவு. கிழமைகளும் மாதங்களும் தமிழில் வேண்டும், தேதி வடிவம் மட்டும் மாற வேண்டும். ஒரு பிரிவில் 'காப்பி' ஆணை வந்துவிட்டால் அதே பிரிவில் வேறு வரி எதையும் சேர்க்க முடியாது என்பது விதி. எனவே டிஏ_ஐஎன் கோப்பின் நேரப் பிரிவு முழுவதையும் எடுத்து ஒட்டி, தேதி வரியை மட்டும் திருத்தினேன்: நாள் இரண்டு இலக்கம், மாதம் இரண்டு இலக்கம், ஆண்டு நான்கு இலக்கம், இடையில் சாய்கோடு.

கோப்பைத் தொகுத்து (இயங்குதளம் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றி) தேதியைக் கேட்டபோது, சாய்கோடுகள் மறைந்து எட்டு இலக்கங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. காரணம் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருந்தது. இந்தக் கோப்புகளில் சாய்கோடுதான் விலக்குக் குறி. அதாவது தனக்கு அடுத்து வரும் எழுத்தை உள்ளபடியே எடுத்துக்கொள் என்று சொல்லும் குறி. தேதிக்கு நடுவில் ஒரு சாய்கோடு தெரிய வேண்டுமானால் கோப்பில் இரண்டு சாய்கோடுகள் எழுத வேண்டும்.  அதைக் கவனிக்காமல் ஒற்றையாக எழுதியதில் வந்த வினை. இரட்டையாக்கியதும் சரியாயிற்று.

தொகுக்கும் கருவி லோக்கேல்டெஃப். கோப்பில் சிறு எச்சரிக்கை எழுந்தாலும் அது வெளியீடு எதையும் தராமல் நின்றுவிடும். கட்டாயப்படுத்தும் விருப்பத்தைக் கொடுத்தால் எச்சரிக்கையைக் காட்டிவிட்டுத் தொகுக்கும். கட்டாயப்படுத்தாமல், எச்சரிக்கைகளைப் படித்துத் திருத்துவதே நல்லது. எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை, கோப்பின் அடையாளப் பிரிவில் தலைப்பு, மொழி, நாடு போன்ற விவரங்களை நான் நிரப்பாமல் விட்டதால் வந்தவை.

சோதனைக்கு 1234567 என்ற எண்ணை எடுத்துக்கொண்டேன். பேஷ்ஷில் எண்ணைப் பிரித்துக் காட்டும்படி கேட்டால், டிஏ_ஐஎன்னில் 12,34,567 என்று வந்தது, டிஏ_எஸ்ஜியில் 1,234,567. நாணயப் பிரிவைக் கேட்டால் டாலர்க் குறியும் எஸ்ஜிடி என்ற பன்னாட்டுக் குறியும் வந்தன. கிழமையும் மாதமும் தமிழிலேயே நின்றன. புதிய லோக்கேலுக்கென மொழிபெயர்ப்புக் கோப்புகள் தனியாக இல்லாவிட்டாலும், நாட்டுக் குறியை விட்டுவிட்டுப் பொதுவான தமிழ் மொழிபெயர்ப்பைத் தேடும் வழக்கம், மொழிபெயர்ப்புகளை எடுத்துத் தரும் கெட்டெக்ஸ்ட்டில் இருப்பதால், முன்பு தமிழில் வந்த பட்டிகள் எல்லாம் தமிழிலேயே தொடர்ந்தன. தேதியைச் சோதிக்கும்போது 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 என்று கொடுத்துப் பார்த்ததில், உலகப் பொது நேரத்தோடு உள்ள வேறுபாடு எட்டு மணி நேரம் என்று வராமல் ஏழரை மணி நேரம் என்று வந்தது. அது பிழை அன்று. சிங்கப்பூர் 1982 தொடக்கத்தில்தான் எட்டு மணி நேர வேறுபாட்டுக்கு மாறியது. நேர மண்டலத் தரவு அந்தப் பழைய அரை மணி நேரத்தையும் காத்து வைத்திருக்கிறது. நம் ஊரைப் பற்றி அவ்வளவு நுட்பமாகத் தெரிந்து வைத்திருக்கும் இயங்குதளத்தில் நம் ஊர்த் தமிழுக்கு இடமில்லாமல் இருந்ததை எண்ணிக்கொண்டே வேலையை முடித்தேன்.

ஆனால் வேலை முடிந்திருக்கவில்லை. சில வாரங்களில் ஒரு வழக்கமான புதுப்பிப்புக்குப் பிறகு பட்டிகள் அனைத்தும் ஆங்கிலத்துக்குத் திரும்பின. முனையத்தில் பெர்ல் நிரல்கள், லோக்கேலை அமைக்க முடியவில்லை, இயல்பான 'சி' லோக்கேலுக்குத் திரும்புகிறேன் என்று எச்சரித்தன. இருக்கும் லோக்கேல்களின் பட்டியலைப் பார்த்தால் டிஏ_எஸ்ஜி இல்லை. டெபியனில் லோக்கேல்ஸ் தொகுப்பு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் லோக்கேல்-ஜென் என்ற நிரல் ஓடுகிறது. அது தொகுத்து வைத்திருக்கும் பழைய காப்பகத்தை முழுவதுமாக அழித்துவிட்டு, தன் அமைப்புக் கோப்பில் பெயர் உள்ளவற்றை மட்டும் புதிதாகத் தொகுக்கிறது. நான் கையால் தொகுத்துக் காப்பகத்தில் சேர்த்திருந்த லோக்கேலின் பெயர் அந்த அமைப்புக் கோப்பில் இல்லாததால், அது திரும்பி வரவில்லை.

லோக்கேல்-ஜென் ஒரு சிறிய ஷெல் நிரல்தான். திறந்து படித்தால் வழி அதிலேயே எழுதியிருக்கிறது. இயங்குதளத்தின் கோப்புகளைப் பார்ப்பதற்கு முன், பயனர் தாமாக எழுதிய லோக்கேல்களை /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஐ18என்/லோக்கேல்ஸ் என்ற அடைவில் அது தேடுகிறது. அந்த அடைவை உருவாக்கி டிஏ_எஸ்ஜி கோப்பை அங்கே வைத்தேன். லோக்கேல்-ஜென்னின் அமைப்புக் கோப்பில் அதன் பெயரையும் யூடிஎஃப்-8 என்ற குறிமுறையையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். லோக்கேல்-ஜென்னை ஓட்டி, அப்டேட்-லோக்கேல் கருவியால் அதையே கணினியின் இயல்பான லோக்கேலாக்கினேன். லோக்கேல்ஸ் தொகுப்பை வேண்டுமென்றே மறுபடி நிறுவிச் சோதித்தேன். காப்பகம் அழிந்து, புதிதாகத் தொகுக்கப்பட்டு, டிஏ_எஸ்ஜி தன் இடத்தில் இருந்தது. இந்தச் சோதனையை முதலிலேயே செய்வதுதான் முறை: நாமாகச் சேர்த்த எதுவும் புதுப்பிப்பைத் தாண்டி நிற்கிறதா என்று, புதுப்பிப்பு வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரியப்பாவின் கணக்கில் ரூபாய்க் குறியே வந்தது. லிப்ரே ஆஃபிஸ் ஜிலிப்ஸியின் லோக்கேல் கோப்புகளைப் பார்ப்பதில்லை. அது தன் சொந்தத் தரவுகளை வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் விருப்பத்தேர்வுகளில் மொழிகள் பகுதிக்குப் போய், இடைமுக மொழியைத் தமிழாகவே விட்டுவிட்டு, இயல்பான நாணயமாகச் சிங்கப்பூர் டாலரைத் தேர்ந்தெடுத்தேன். ஏற்கெனவே நாணய வடிவம் பெற்றிருந்த கலங்கள் தாமாக மாறா. அவற்றைத் தேர்ந்தெடுத்து வடிவத்தை மறுபடி கொடுக்க வேண்டும். அவர் எழுதியிருந்த இரண்டு நெடுவரிசைகளையும் மாற்றிக் கொடுத்தேன். ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் மொழித் தொகுப்பை நிறுவியதோடு சரி.

எக்ஸ்எஃப்சிஇயின் பட்டிகளில் பல இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. லிப்ரே ஆஃபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் தமிழில் இருப்பதால் பெரியப்பாவின் அன்றாட வேலைக்கு அது தடையாக இல்லை. ஆனால் புதிதாக ஒருவருக்கு அமைத்துக் கொடுப்பதானால், 12 ஜிபி நினைவகம் தாராளமாக இருப்பதை எண்ணி, தமிழாக்கம் கூடுதலாகக் கிடைக்கும் க்னோம் மேசைச்சூழலை முதலில் போட்டுப் பார்ப்பேன். அதில் ஐபஸ் உள்ளேயே பிணைந்திருப்பதால் ஐஎம்-கான்ஃபிக் வேலையும் மிச்சமாகும்.

மொத்தச் செலவு: கணினி 130, நினைவகம் 22, எஸ்எஸ்டி 38, பசை 9, ஆல்கஹால் 5, ஒட்டுத்தாள் 4.50, அச்சு 0.60, ஆக 209 வெள்ளி 10 காசு. ஸ்க்ரூ டிரைவரும் யூஎஸ்பியும் முன்பே இருந்தன. இதில் குறைக்கக்கூடியது நினைவகம் ஒன்றுதான். 4 ஜிபியிலேயே கடிதமும் கணக்கும் ஓடியிருக்கும், உலாவியில் பல தாவல்களைத் திறக்கும்போதுதான் கூடுதல் நினைவகம் தேவைப்படுகிறது. எஸ்எஸ்டியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பழைய டிஸ்க்கோடு இந்தக் கணினியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வராது.

லோக்கேல் கோப்பை ஜிலிப்ஸி திட்டத்துக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். அங்கே ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. ஜிலிப்ஸி தன் லோக்கேல் தரவுகள் மொழி, நாடு வாரியாக எழுத்து வழக்கங்களைத் திரட்டிய யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்போடு ஒத்துப்போவதை விரும்புகிறது. சிஎல்டிஆரில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நான்கு நாட்டுப் பதிவுகளும் உண்டு. பெரியப்பாவின் கணினிக்காக நான் வைத்த நான்கு இலக்க ஆண்டும் இரண்டு இலக்க நாளும் எங்கள் வீட்டு விருப்பம். அனுப்பும் கோப்பில் தேதி வரியை சிஎல்டிஆரில் உள்ளபடி மாற்றியாக வேண்டும். எனவே இப்போது கோப்பு இரண்டாக இருக்கிறது: ஒன்று அவர் கணினியில் ஓடுவது, மற்றது சிஎல்டிஆரோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருப்பது. நாணயப் பிரிவையும் எண் பிரிவையும் ஒப்பிட்டாயிற்று. கிழமைகளின் குறுக்கங்களும் முற்பகல், பிற்பகல் சொற்களும் பாக்கி.